கப்பலேறும் ரசாயனமும் நாலு இலக்க எண்ணும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது முதலில் ஒரு கவிதை எழுதலாம் என்றுதான் இருந்தேன். மலரில் பாதிப் பக்கம் கவிதைதான் வரப்போகிறது என்று தெரிந்ததும் மனசை மாற்றிக்கொண்டேன். என்னை இதை எழுத வைத்தது எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்.

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் இந்த டிரம் இல்லாத வீடு குறைவு. இருநூறு லிட்டர் பிடிக்கும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைக்க இதைவிட தோதான சாமான் கிடையாது. விதை நெல் கொட்டி வைப்பார்கள். கல்யாண வீட்டில் கை கழுவத் தண்ணீர் வைப்பார்கள். எங்கள் டிரம்மை ஆறு வருஷத்துக்கு முன்னால் பழைய டிரம் விற்கும் கடையில் அப்பா வாங்கி வந்தார். மேல் மூடியை வட்டமாக அறுத்துக் கொடுத்தார்கள். முதல் நாலைந்து நாள் தண்ணீரில் புளிச்ச வாடை வருது என்று ஆயா சத்தம் போட்டது நினைவிருக்கிறது. அப்புறம் வாடை போய்விட்டது, ஆயாவும் விட்டுவிட்டது.

டிரம்மின் வயிற்றில் ஒரு லேபிள். சாய்சதுரக் கட்டத்துக்குள் இரண்டு கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டு விழுந்து, ஒரு கையையும் ஒரு உலோகத் துண்டையும் அரிக்கிற படம். பக்கத்தில் இன்னொரு கட்டத்தில் நெருப்புப் படம். கீழே 2789 என்று நாலு இலக்கம். ஆறு வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்றும் அந்த எண் அழியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றி யோசித்ததும் இல்லை. கம்பெனிக்காரன் போட்ட ஏதோ நம்பர் என்று இருந்துவிட்டோம்.

போன விடுமுறையில் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் பதினைந்து நாள் இன்பிளாண்ட் டிரெயினிங் கிடைத்தது. அங்கே ஆபீஸ் சுவரில் ஒரு பட்டியல் மாட்டியிருந்தார்கள். சும்மா பார்த்துக்கொண்டே வந்தால், நடுவில் அதே 2789. எதிரே எழுதியிருந்தது: அசிட்டிக் ஆசிட், கிளேசியல். வகுப்பு 8, துணை அபாயம் 3. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

எண் எதற்கு?

ஒரே ரசாயனத்துக்கு ஊருக்கு ஒரு பெயர். நாம் கடையில் காஸ்டிக் சோடா என்று கேட்பதை லேபில் சோடியம் ஹைட்ராக்சைடு என்று எழுதுகிறோம். தயாரிக்கிற கம்பெனி தன் வியாபாரப் பெயரைப் போடும். சீனாவில் ஏற்றுகிறவருக்கும் சிங்கப்பூரில் கப்பல் மாற்றுகிறவருக்கும் சென்னையில் இறக்குகிறவருக்கும் பொதுவான பாஷை எது? அதற்காக வந்ததுதான் யூ.என். எண். ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 1956-ல் அபாயச் சரக்குகளை எப்படி அனுப்ப வேண்டும் என்று முதல் பரிந்துரைகளை வெளியிட்டது. அட்டை நிறத்தால் அதை ஆரஞ்சுப் புத்தகம் என்பார்கள். காஸ்டிக் சோடாக் கரைசல் 1824, அடர் கந்தக அமிலம் 1830, மெத்தனால் 1230 என்று ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு.

கடல் வழிக்கென்று தனி விதித்தொகுப்பு இருக்கிறது. ஐ.எம்.டி.ஜி. கோடு என்பது அதன் பெயர். லண்டனில் தலைமையகம் உள்ள சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதை 1965-ல் ஏற்றுக்கொண்டது. ரொம்ப நாள் வரை ஆலோசனை மாதிரிதான் இருந்தது. 2004 ஜனவரி 1 முதல்தான் கட்டாயம் ஆனது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். நம் நாட்டில் இதையெல்லாம் பார்ப்பது மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்.

இந்தக் கோடு சரக்கை ஒன்பது வகுப்பாகப் பிரிக்கிறது. 1 வெடிபொருள், 2 வாயு, 3 தீப்பற்றும் திரவம், 4 தீப்பற்றும் திடப்பொருள், 5 ஆக்சிஜன் கொடுத்து நெருப்பை வளர்ப்பவை, 6 விஷம், 7 கதிரியக்கம், 8 அரிப்பவை, 9 இதில் எதிலும் அடங்காதவை. நாலாம் வகுப்பில் மூன்று கிளை உண்டு. அதில் 4.3 என்பது தண்ணீர் பட்டால் ஆபத்து. தண்ணீர் மேலேயே போகிற கப்பலில் அதையும் ஏற்றித்தான் ஆக வேண்டியிருக்கிறது!

டிரம், கன்டெய்னர், டேங்க்

கேட் வழியாக உள்ளே வரும் சரக்கை மூன்று மாதிரி பார்த்தேன். ஒன்று, நம் வீட்டு டிரம். இருபது அடி கன்டெய்னரில் தரையில் நாற்பது, அதன் மேல் நாற்பது, ஆக எண்பது டிரம் நிற்கும். இரண்டாவது, கம்பிக் கூண்டுக்குள் வெள்ளைத் தொட்டி, ஆயிரம் லிட்டர். மூன்றாவது ஐ.எஸ்.ஓ. டேங்க். இரும்புச் சட்டத்துக்குள் படுத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருளை, ஏறக்குறைய 24 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் எண்ணூர் பக்கம் போகும் டிரெய்லர்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். கப்பலே ஒரு பெரிய டேங்காக இருப்பது வேறு கதை. அதற்குத் தனிச் சட்டமும் தனிக் கப்பலும் உண்டு, அதை நான் பார்க்கவில்லை.

டேங்கை எவ்வளவு நிரப்பணும் என்பதில்தான் நம் பாடம் வருகிறது. விளிம்பு வரை நிரப்பினால் லாபம் என்று வியாபாரி நினைக்கலாம். ஆனால் திரவம் சூட்டில் விரியும். அசிட்டிக் ஆசிட்டின் கன அளவு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் 1.1 பங்கு விரிகிறது. 20 டிகிரியில் 24 ஆயிரம் லிட்டர் ஊற்றி, கப்பல் மேல்தளத்து வெயிலில் 50 டிகிரி ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட 790 லிட்டர் கூடுதலாக வந்து நிற்கும். அது போக இடம் இல்லை என்றால் டேங்க் என்ன செய்யும்? அதனால் மேலே காலி இடம் விட வேண்டும். சரி, பாதி ஊற்றி அனுப்பலாமே என்றால் அதுவும் கூடாது. உள்ளே தடுப்பு இல்லாத டேங்கில் நீர்த்த திரவம் 20 சதவீதத்துக்கு மேலும் 80 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால் ஏற்றக் கூடாது என்பது விதி. அரைக்குடம் தளும்பும் என்று நம் ஊரில் சொல்வதை அப்படியே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இருபது டன் தளும்பினால் சட்டமே முறிந்துவிடும், டிரெய்லர் கவிழ்ந்துவிடும்.

டிரம்மின் அடியிலோ பக்கத்திலோ புடைப்பாக ஒரு எழுத்து வரிசை இருக்கும். எங்கள் டிரம்மில் 1எச்1/ஒய்1.8/200 என்று ஆரம்பிக்கிறது. முதல் 1 என்றால் டிரம். எச் என்றால் பிளாஸ்டிக். அடுத்த 1 என்றால் மேல்தட்டு கழற்ற முடியாதது. ஒய் என்றால் நடுத்தர, குறைந்த அபாயம் உள்ள சரக்குக்கு மட்டும். அதி அபாயத்துக்கு எக்ஸ் போட்ட டிரம் வேண்டும். 1.8 என்பது திரவத்தின் ஒப்படர்த்தி அதிகபட்சம் எவ்வளவு என்பது. 200 என்பது எத்தனை கிலோபாஸ்கல் அழுத்தத்தில் சோதித்தார்கள் என்பது. இந்த முத்திரையைச் சும்மா குத்த முடியாது. இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங் போன்ற இடத்தில் டிரம்மை உயரத்திலிருந்து போட்டு, தண்ணீர் அழுத்தம் கொடுத்து, 40 டிகிரி சூட்டில் 28 நாள் மேலே பாரம் ஏற்றி வைத்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள். அப்படியும் பிளாஸ்டிக் டிரம்முக்கு ஆயுள், செய்த நாளிலிருந்து ஐந்து வருஷம்தான். அதற்கு மேல் அபாயச் சரக்கு ஊற்றக் கூடாது. எங்கள் வீட்டில் அது வந்த பிறகே ஆறு வருஷம் ஆகிவிட்டது.

லேபிள் ஏன் அழியவில்லை என்பதற்கும் அங்கேதான் விடை கிடைத்தது. பெட்டி கடலில் விழுந்து மூன்று மாதம் உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் அதில் எழுதியிருப்பது தெரிய வேண்டும் என்று கோடு சொல்கிறது. கரையில் ஒதுங்கும் டிரம்மைத் தொடப் போகிற மீனவருக்காக எழுதிய விதி அது. வாசலில் டிரம் வைத்திருக்கும் நம் ஆட்களையும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

காகிதம்தான் கண்

டிரெயினிங்கில் என்னைக் காகித வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் விட்டார்கள். எனக்கு முதலில் ஏமாற்றம். கிரேன் பக்கம் போகலாம் என்று ஆசை. மூன்றாம் நாள் அவர் சொன்னார்: "தம்பி, கப்பல்ல இருக்கறவன் இந்த டப்பாவத் தொறந்து பாக்க மாட்டான். மேல ஆறு, கீழ ஆறு அடுக்கி இருக்கும், தொறக்கவும் முடியாது. நாம என்ன எழுதி அனுப்பறமோ அதான் அவனுக்குக் கண்ணு." அதற்குப் பிறகு கிரேன் ஆசை போய்விட்டது.

என்னென்ன காகிதம்? முதலில் எம்.எஸ்.டி.எஸ். என்கிற பாதுகாப்புத் தகவல் தாள். 16 பகுதி இருக்கும், அதில் 14-வது பகுதிதான் போக்குவரத்து. அடுத்து அபாயச் சரக்கு அறிவிப்பு. யூ.என். எண், கோடில் உள்ள முறையான பெயர், வகுப்பு, பேக்கிங் குரூப் என்று எழுதி, இது உண்மை என்று ஏற்றுமதியாளர் கையெழுத்துப் போட வேண்டும். வியாபாரப் பெயர் மட்டும் எழுதினால் செல்லாது. டிரம்களை கன்டெய்னருக்குள் ஆடாமல் கட்டி, கட்டை கொடுத்து அடுக்கியவர் தனியாக ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். 2016 ஜூலை 1 முதல் எடையைச் சரிபார்த்த சான்றும் கட்டாயம். கன்டெய்னரின் நாலு பக்கமும் 250 மில்லிமீட்டர் சதுரத்தில் அபாயப் படம் ஒட்ட வேண்டும். ஒருநாள் மூன்று பக்கம்தான் ஒட்டியிருந்தது என்று ஒரு பெட்டியை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். டிரைவர் கோபித்தார். எனக்கும் அது கொஞ்சம் அதிகம் என்றுதான் பட்டது. ஆனால் அடுக்கின பிறகு அந்த நாலாவது பக்கம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி அமைந்தால்?

எழுதி வைப்பதின் அருமை எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. காலம் 919, 921. பள்ளியில் எல்லோரும் ஓட்டுப் போட்ட முறையை மட்டும்தான் படிக்கிறோம். அதில் இன்னொரு விதி உண்டு: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. பொய்க் கணக்கு எழுதும் ஏற்றுமதியாளருக்கு இந்த விதியைப் போட்டால் எப்படி இருக்கும் என்று அந்த அண்ணனிடம் கேட்டேன். "பாதி ஆபீஸ் காலியாயிடும்" என்று சிரித்தார்.

யார் பக்கத்தில் யார்?

எழுதின வகுப்பை வைத்துத்தான் எதன் பக்கத்தில் எதை அடுக்குவது என்று முடிவாகிறது. ஆக்சிஜன் கொடுக்கும் 5-ம் வகுப்பும் எரியும் 3-ம் வகுப்பும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். அமிலமும் காரமும் ஒட்டி இருக்கக் கூடாது. எவ்வளவு தள்ளி என்பதற்குக் கோடில் பெரிய அட்டவணையே உண்டு.

இந்த அட்டவணை இல்லாத காலத்தில் நடந்ததை நாம் வருஷா வருஷம் நினைவுகூர்கிறோம், காரணம் தெரியாமல். ஏப்ரல் 14 முதல் தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறோம் அல்லவா? 1944 ஏப்ரல் 14-ம் தேதி பம்பாய் விக்டோரியா டாக்கில் 'ஃபோர்ட் ஸ்டைக்கின்' என்ற கப்பலில் தீப்பிடித்தது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள். அதே கப்பலில், கராச்சியில் ஏற்றிய பஞ்சு மூட்டைகள் ஆயிரக்கணக்கில்! பஞ்சு புகைந்து, வெடிபொருளுக்குச் சூடு போய், கப்பல் இரண்டு முறை வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் செத்தார்கள். துறைமுகத்திலும் சுற்றிலும் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில்.

அது யுத்த காலம், வேறு வழியில்லாமல் ஏற்றினார்கள் என்று சொல்லலாம். 2021-ல் நடந்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது. 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' என்ற சிங்கப்பூர்க் கொடிக் கப்பல். கட்டி சில மாதம்தான் ஆகியிருந்தது. 1,486 கன்டெய்னர், அதில் 81 அபாயச் சரக்கு. துபாய் ஜெபல் அலியில் நைட்ரிக் ஆசிட் ஏற்றினார்கள். மே 11-ம் தேதி வாக்கில் ஒரு கன்டெய்னரிலிருந்து அமிலம் கசிவது தெரிந்தது. நைட்ரிக் ஆசிட் என்றால் நமக்குத் தெரியும். லேபில் செம்புத் துருவலில் விட்டால் பழுப்புப் புகை வரும். உலோகத்தை அரிக்கும், தானும் ஆக்சிஜன் கொடுத்து மற்றதை எரிய வைக்கும். இரண்டு குணமும் ஒரே திரவத்தில்.

கப்பல்காரர்கள் கத்தாரின் ஹமாத் துறைமுகத்தில் அந்தப் பெட்டியை இறக்கக் கேட்டார்கள். வசதி இல்லை என்று மறுத்தார்கள். நம் குஜராத்தில் ஹசீராவில் கேட்டார்கள். அங்கேயும் மறுத்தார்கள். கசிந்துகொண்டே கொழும்பு வந்தது. மே 20-ம் தேதி நங்கூரத்தில் நிற்கும்போதே தீப்பிடித்தது. 25-ம் தேதி பெரிய வெடிப்பு. கப்பலில் இருந்த 25 பேரையும் இறக்கிக் காப்பாற்றினார்கள். இலங்கைக் கடற்படையோடு நம் கடலோரக் காவல் படைக் கப்பல்களும் போய் அணைக்கப் பாடுபட்டன. ஜூன் 2-ம் தேதி ஆழ்கடலுக்கு இழுக்கும்போது பின்பக்கம் தரை தட்டி அமிழ்ந்தது. அதிலிருந்து சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டி, நீர்கொழும்பு வரை கரையெல்லாம் வெள்ளையாக மூடியது. செத்த ஆமைகள் ஒதுங்கின. மீன் பிடிக்கத் தடை. அமிலத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மீனவக் குடும்பங்கள் வேலை இழந்தன. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பளித்தது.

என் அபிப்பிராயம் இதுதான். இந்தக் கதையைச் சொல்லும்போது மறுத்த துறைமுகங்களை எல்லோரும் திட்டுகிறார்கள். திட்டலாம். ஆனால் கடலில் போன பிறகு கசியும் பெட்டியை யார் தலையில் கட்டுவது என்று தேடுவதே கஷ்டமான வேலை. கரையில் மூடியை இறுக்கும்போது, அடுக்கும்போது, சரிபார்க்கும்போது ஒருவர் செலவழிக்காத பத்து நிமிஷம்தான் கடலில் பத்து நாளாகிறது.

மணலியில் கிடந்த 37 பெட்டி

நான் டிரெயினிங் போன வட்டாரத்திலேயே ஒரு கதை உண்டு. அங்கே டீக்கடையில்கூடச் சொல்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 4-ம் தேதி லெபனான் நாட்டு பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2013-ல் ஜார்ஜியாவிலிருந்து மொசாம்பிக் போக வேண்டிய கப்பலில் வந்த சரக்கு அது. அங்கேயே முடங்கி, கிடங்கில் வருஷக்கணக்காகக் கிடந்தது. செய்தி வந்ததும் நம் ஊரில் ஒரு கேள்வி எழுந்தது: மணலியில் கிடக்கிறதே, அது?

ஆமாம், கிடந்தது. கொரியாவிலிருந்து 2015-ல் சென்னைக்கு வந்த அம்மோனியம் நைட்ரேட், ஏறக்குறைய 700 டன், 37 கன்டெய்னரில். உரத்துக்கு என்று சொல்லி இறக்குமதி செய்தது, வெடிமருந்துத் தரம் என்று சுங்கத் துறை பிடித்து வைத்தது. வழக்கு நடந்தது. சரக்கு நின்றது. ஐந்து வருஷம், 2015 வெள்ளம் உட்பட. சுற்றிலும் ஆயிரக்கணக்கான வீடுகள். பெய்ரூட் வெடித்த பிறகுதான், அந்த ஆகஸ்ட் மாதமே லாரி லாரியாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரே பொருளுக்கு ஒரே எண் இல்லை. அம்மோனியம் நைட்ரேட்டில் எரியும் கலப்பு 0.2 சதவீதத்துக்குள் இருந்தால் 1942, அது 5-ம் வகுப்பு. உரமாகக் கலந்தது 2067, அதுவும் 5-ம் வகுப்பு. எரியும் கலப்பு 0.2-ஐத் தாண்டினால் 0222, வகுப்பு 1, அதாவது வெடிபொருள். பார்வைக்கு எல்லாம் வெள்ளைக் குருணைதான். காகிதத்தில் ஒரு எண் மாறினால் ஒரு ஊரின் தலையெழுத்து மாறும்.

ஏன் மாற்றி எழுதுகிறார்கள் என்று அண்ணனைக் கேட்டேன். அபாயச் சரக்கு என்று எழுதினால் கட்டணம் கூடுதல், சில கப்பல் கம்பெனி ஏற்றவே மாட்டார்கள், முன்கூட்டி அனுமதி வாங்கக் காத்திருக்க வேண்டும். எழுதாவிட்டால் சாதாரணச் சரக்காகப் போய்விடும். 2019 மே 25-ம் தேதி தாய்லாந்தின் லேம் சபாங் துறைமுகத்தில் 'கே.எம்.டி.சி. ஹாங்காங்' கப்பல் தீப்பிடித்து வெடித்தது. உள்ளே இருந்தது கால்சியம் ஹைப்போகுளோரைட், அதாவது நம் தண்ணீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரின் உறவுக்காரன். காகிதத்தில் இருந்தது பொம்மை!

சரியாக எழுதியிருந்தால் மட்டும் கப்பல் மூழ்காதா என்று கேட்பீர்கள். மூழ்கும். 2025 மே 25-ம் தேதி கொச்சிக்கு அருகே 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியது. விழிஞ்சத்திலிருந்து வந்த கப்பல், 640 கன்டெய்னர். ஆனால் அதில் 13 பெட்டி அபாயச் சரக்கு, அதில் 12 பெட்டி கால்சியம் கார்பைடு என்று உடனே தெரிந்தது. கார்பைடு நம் ஒர்க்‌ஷாப்பில் கேஸ் வெல்டிங்குக்கு அசிட்டிலின் எடுக்கிற சரக்கு. மாங்காயைக் கள்ளத்தனமாகப் பழுக்க வைப்பதும் அதுதான். எண் 1402, வகுப்பு 4.3, தண்ணீர் பட்டால் எரிவாயு. எண் தெரிந்ததால், ஒதுங்கும் பெட்டிகளைத் தொடாதீர்கள், தள்ளி நில்லுங்கள் என்று கேரளக் கரை முழுக்க அறிவித்தார்கள். கப்பலில் இருந்த 24 பேரும் பிழைத்தார்கள். கன்னியாகுமரிக் கரை வரை பிளாஸ்டிக் குருணை வந்தது, அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் கார்பைடு பெட்டியைக் கட்டிப்பிடித்து இழுத்து யாரும் சாகவில்லை.

மறுபடி டிரம்

கெமிக்கல் படிக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பாரிமுனை தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் ஏற்றுமதி ஏஜெண்ட் ஆபீஸ்கள் நிறைய. எம்.எஸ்.டி.எஸ். படித்துப் புரிந்துகொள்கிற ஆள் அங்கே தேவை என்று அண்ணன் சொன்னார். சம்பளம் ஆரம்பத்தில் குறைவு என்பதையும் சொன்னார், மறைக்கவில்லை.

டிரெயினிங் முடிந்து ஊருக்கு வந்ததும் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் அதிர்ஷ்டம், அது அசிட்டிக் ஆசிட். ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் நாலைந்து சதவீதம் இருப்பது இதுதான். பட்டுக்குச் சாயம் ஏற்றவும் இதைத்தான் விடுகிறார்கள், காஞ்சிபுரம் பக்கத்துச் சாயப்பட்டறைகளிலிருந்து காலி டிரம் வெளியே வரும். அடர் அமிலம் தோலைச் சுடும், ஆனால் கழுவினால் தண்ணீரோடு போய்விடும். ஆயா சொன்ன புளிச்ச வாடை அதுதான். இத்தனை வருஷம் கழித்து ஆயாவுக்குச் சந்தோஷம், "நான் அன்னிக்கே சொல்லல?" என்று. எண் வேறாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்கு அது புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் அதே மாதிரி ஒரு கடைக்குப் போனோம், நல்லதாக ஒரு டிரம் பார்க்க. வாசலில் நாற்பது ஐம்பது டிரம் அடுக்கியிருந்தது. என் வயசுப் பையன் ஒருவன் உட்கார்ந்து, கத்தியால் ஒவ்வொரு லேபிளாகச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஏன்டா சுரண்டுறே என்று கேட்டேன். "லேபிள் இருந்தா வாங்கறவங்க யோசிக்கறாங்க" என்றான். மூன்று மாதம் கடலில் கிடந்தாலும் அழியக் கூடாது என்று ஒட்டியது, அவன் கையில் ஐந்து நிமிஷத்தில் போகிறது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டிரம்முக்கு இவ்வளவு என்று கூலி. அவனுக்கும் அந்த எண் என்னவென்று யாரும் சொல்லவில்லை.

இன்னும் சுரண்டாமல் இருந்த டிரம்களில் எண்களைப் பார்த்தேன். இரண்டில் 2014, ஹைட்ரஜன் பெராக்சைடு. ஒன்றில் 2209, ஃபார்மலின். உயிரியல் லேபில் தவளையைப் போட்டு வைக்கிற அதே திரவம். இந்த மூன்றையும் தண்ணீருக்குக் கொடுக்காதீங்க என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்த காலேஜு?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பையனைக் கூப்பிட்டு மூன்றையும் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னார். அப்புறம் என்ன செய்தார் என்று தெரியாது.

அன்றைக்கு அப்பா வெறுங்கையோடுதான் திரும்பினார். புதுத் தொட்டி வாங்க இன்னும் கொஞ்சம் பணம் சேரணும். அதுவரைக்கும் அம்மா குடிக்கிற தண்ணீரை இரண்டு பித்தளைக் குடத்தில் பிடித்து வைக்கிறாள், நீல டிரம் தண்ணீர் மாட்டுக் கொட்டகை கழுவ.